ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகுதான்

காங்கேயம் பக்கத்துச் செம்மண் காடுகளில், மழை விட்ட மறுநாள் காலை குனிந்த தலையோடு நடப்பவர்களைப் பார்க்கலாம். மழை மண்ணைக் கரைத்து உள்ளிருக்கும் கல்லைக் கழுவி வைத்திருக்கும். சிறு வயதில் நானும் அப்படிப் பொறுக்கியிருக்கிறேன். கையில் எடுத்தபோது மினுமினுத்த கல், வீட்டுத் திண்ணையில் காய்ந்ததும் சாம்பல் பூசியதுபோல் மங்கிவிடும். நனைத்தால் அழகு திரும்பும், காய்ந்தால் போய்விடும். அந்த மழைநீர் கல்லுக்கு என்ன செய்தது என்ற கேள்விக்கு, நாற்பது வயதைத் தாண்டிச் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விடை கிடைத்தது.

பல ஆண்டுகள் பட்டை தீட்டிப் பிழைத்து, இப்போது தொழிலை விட்டுவிட்ட பெரியவர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள், அரைமணி நேரம் தேய்த்த சந்திரகாந்தக்கல்லைச் சொட்டச் சொட்டத் தூக்கிக் காட்டி, "முடிஞ்சுதுங்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் கல்லைப் பார்க்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டை நீட்டினார். "தொடைச்சுக் காய வெச்சுப் பாரு கண்ணு. ஈரத்துல எல்லாக் கல்லும் அழகுதான்." துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஏர் ஓட்டிய காடுபோல மேற்பரப்பு முழுக்க வரி வரியாகக் கீறல்.

இதன் இயற்பியல் எளிது. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் இடத்தில் ஒளி எவ்வளவு சிதறும் என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றுக்கு அது 1. சந்திரகாந்தக்கல்லுக்கு ஏறத்தாழ 1.52. வித்தியாசம் பெரிது, அதனால் ஒவ்வொரு கீறலின் சரிவிலும் ஒளி கண்டபடி சிதறி, கல் வெளுத்துத் தெரிகிறது. தண்ணீரின் எண் 1.33. அது கீறல் பள்ளங்களை நிரப்பி நின்றால் வித்தியாசம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும், சிதறலும் அடங்கிவிடும். தண்ணீர் கல்லுக்கு அழகு எதையும் சேர்க்கவில்லை. கல்லுக்குள் ஏற்கெனவே இருந்த அழகை மறைத்த கீறல்களைச் சற்று நேரம் மூடி வைத்தது, அவ்வளவுதான். மழைநீர் தற்காலிகமாகச் செய்ததை நிரந்தரமாகச் செய்வதற்குத்தான் மெருகு என்று பெயர்.

அதற்கு வழி, கீறல்களை இன்னும் சிறிய கீறல்களால் அழிப்பது. சாணைத்தூளுக்கு எண் உண்டு. எண் கூடக்கூடத் துகள் சிறிது. 100 எண் துகளின் அளவு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. அதில் உருவம் கொண்டுவர வேண்டும். பிறகு 220, 400, 600, 1200 என்று இறங்க வேண்டும். இயந்திரம் இல்லாதவர்கள் வண்ணப்பூச்சுக் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரிலேயே ஓரளவு செய்துவிடலாம். கை வலிக்கும், ஆனால் கல் வரும். ஒவ்வொரு படியிலும் முந்தைய படிக்குக் குறுக்குத் திசையில் தேய்ப்பது நல்ல உத்தி. பழைய கீறல் ஒன்று மிஞ்சியிருந்தாலும் குறுக்காகத் தனித்துத் தெரியும்.

புதிதாகக் கற்பவர்கள் ஏமாறும் இடம் வேறு. கீறல் என்பது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டுமல்ல. கடினத் துகள் கல்லை உழும்போது, பள்ளத்துக்குக் கீழே மயிரிழையைவிட மெல்லிய விரிசல்கள் இறங்கிவிடுகின்றன. பள்ளம் அழிந்ததும் நிறுத்தினால் விரிசல் உள்ளேயே தங்கும். இரண்டு படி தாண்டி மெருகிடும்போது, எங்கிருந்தோ முளைத்ததுபோல் பழைய கீறல் மறுபடி தலைகாட்டும். பள்ளம் மறைந்த பிறகும் அதே படியில் கொஞ்சநேரம் கூடுதலாகத் தேய்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அந்த வாட்டர் பேப்பரின் கறுப்புத் துகள் சிலிக்கன் கார்பைடு. 1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சேசன், களிமண்ணையும் கற்கரியையும் கலந்து மின்சாரத்தால் சூடாக்கியபோது, கம்பிமுனையில் ஒட்டிய படிகங்களாக இது கிடைத்தது. கரியும் களிமண்ணிலுள்ள அலுமினாவும் சேர்ந்த பொருள் என்று தவறாக நினைத்து, கார்பன், கொரண்டம் என்ற இரு சொற்களைச் சேர்த்துக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். கொரண்டம் என்பது நம் குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறமேறிய வகைகளே. காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1901இல் விரிவாக எழுதியிருக்கிறார். கடையில் சாணைக்கல்லை 'கார்போரண்டம்' என்று கேட்டு வாங்கும்போதெல்லாம், ஊருக்குப் போய்வந்த சொல் ஒன்றைத் திரும்ப வாங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வட்டாரத்துக்குக் கல்வேலை புதிதும் அல்ல. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் பலமுறை அகழாய்வு நடந்தது. மூலக்கல், பாதி தேய்த்தது, மெருகிட்டும் துளையிடாதது என்று எல்லாப் படிநிலைகளிலும் மணிகள் கிடைத்ததால்தான், அங்கே பட்டறைகளே இருந்தன என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. முழுமையான மணியைவிடப் பாதியில் நின்ற மணியே எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

சந்திரகாந்தக்கல்லின் நிலவொளிக்கு வருவோம். அது ஃபெல்ஸ்பார் வகைக் கனிமம். மிகுந்த வெப்பத்தில் உருவானபோது பொட்டாசியமும் சோடியமும் ஒரே படிகத்தில் கலந்திருந்தன. மெல்ல ஆறும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் பிரிந்து, மாறி மாறி மெல்லிய அடுக்குகளாயின. அந்த அடுக்குகளில் சிதறும் ஒளிதான் கல்லுக்குள் மிதக்கும் வெளிச்சம். அடுக்குகள் மிக மெல்லியதாக இருந்தால் நீலம் தட்டும், தடித்தால் பால்வெள்ளை. அதனால் இந்தக் கல்லுக்குப் பெரும்பாலும் பட்டை போடுவதில்லை. அடியைத் தட்டையாகவும் மேற்பகுதியைக் குமிழாகவும் தேய்க்கிறார்கள். கபோஷான் என்பது இந்த வெட்டின் பெயர். அடிப்பகுதி அந்த அடுக்குகளுக்கு இணையாக அமைந்தால் ஒளி குமிழின் உச்சியில் வந்து நிற்கும். சாய்ந்தால் ஓரத்தில் ஒதுங்கிவிடும். எவ்வளவு மெருகிட்டாலும் அதைத் திருத்த முடியாது. எனவே முதல் வேலை தேய்ப்பதல்ல. ஒற்றை விளக்கடியில் கல்லை நனைத்து, திருப்பித் திருப்பி ஒளி எழும் முகத்தைக் கண்டுபிடித்து, அலுமினியக் கம்பியால் கோடு கிழிக்க வேண்டும். பேனா மை தண்ணீரில் போய்விடும், அலுமினியக் கோடு நிற்கும். பெரியவர் இந்தத் தேடலுக்கு ஒரு முழு மாலையை எடுத்துக்கொள்வார்.

அடுத்து, கல்லை அரக்கால் குச்சியில் ஒட்டவேண்டும். விரலால் பிடித்துக் குமிழ் கொண்டுவருவது கடினம். என் முதல் கல் இங்கேதான் போனது. அரக்கு சீக்கிரம் இறுகட்டும் என்று சூடான கல்லைத் தண்ணீரில் முக்கினேன். கத்தியால் வெட்டியதுபோல இரண்டாகப் பிளந்தது. ஃபெல்ஸ்பாரில் அணுப்பிணைப்பு வலுக்குறைந்த தளங்கள் இரண்டு, கிட்டத்தட்டச் செங்கோணத்தில் உள்ளன. திடீர்க் குளிர்ச்சி அந்தத் தளத்தில் ஆப்பாக இறங்கியது. அகேட்டில் அத்தகைய தளம் இல்லை, கடினமும் 7. புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் கைபழகுவதே நல்லது. மோசின் அளவுகோலில் சந்திரகாந்தம் 6 முதல் 6.5 வரை மட்டுமே.

கடைசிப் படி மெருகு. பழைய தோல் துண்டில் சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தேய்க்கிறோம். கண்ணாடிக் கடைகளில் கீறல் போக்கும் அதே பொடி. இதன் கடினம் சுமார் 6. அப்படியிருந்தும் 7 கடினமுள்ள வெங்கச்சங்கல்லையே இது பளபளப்பாக்குகிறது. மென்மையானது கடினமானதை எப்படித் தேய்க்கும்? மெருகு என்பது கண்ணுக்கெட்டாத அளவு சிறிய கீறல்களே என்று நியூட்டன் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீல்பி, தேய்க்கையில் மேற்பரப்பு கூழாகி வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்றார். சீரியம் ஆக்சைடைப் பொறுத்தவரை இன்றைய விளக்கம் வேதியியல் பக்கம் சாய்கிறது: தண்ணீர் சிலிக்காவின் மேற்பரப்பை இளக்க, சீரியம் அதனுடன் பிணைந்து, துளித் துளியாகப் பிடுங்கிச் செல்கிறது. எஞ்சும் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாகும்போது சிதறல் நின்றுபோகும். அதன் பிறகு காய்ந்த கல்லும் நனைந்த கல்போலவே தெரியும்.

தண்ணீர் பற்றி இன்னொன்று, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லை ஒருபோதும் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். வந்தால் குணப்படுத்த மருந்தில்லை. குஜராத்தின் கம்பத் நகரில் அகேட் மணிகளை உலர்சாணையில் தேய்த்த தொழிலாளர்களின் குடும்பங்களை அது சிதைத்திருக்கிறது. கல் எப்போதும் நனைந்திருக்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், தரையில் படிந்த சேற்றை உலர்வதற்கு முன் துடைத்தெடுக்க வேண்டும். பொழுதுபோக்குக்காகச் செய்பவருக்கு இதில் சலுகை எதுவும் இல்லை.

மூன்றாவது கல்லில் ஒளி உச்சியில் வந்து நின்றது. மெருகிட்டுத் துண்டால் துடைத்து, சன்னலோரம் காயவைத்து, பெரியவரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கவனிக்காத ஓர் ஓரத்தில் விரல் நகத்தை வைத்தார். ஒற்றைக் கோடு.

"எந்த நம்பர் கீறல் இது?"

"இருநூத்தி இருபதுங்க."

தலையாட்டிவிட்டுக் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். வாளியில் புதுத் தண்ணீர் பிடிக்க எழுந்தேன்.