மரை உரிந்த பிரேக்

என்னைத் தினமும் கல்லூரிக்கு ஏற்றி வருவது வாப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். ஒரு நாள் அதன் முன் சில்லருகே பிரேக் ஒயில் கசிந்திருந்தது. சில்லின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரில் ஒயில் குழாயைப் பொருத்தும் போல்ட்டை வாப்பா முறுக்கிப் பார்த்தார். அது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மரை உரிந்துவிட்டது.

"டேப் சுற்றி இறுக்கினால் சரி" என்றார் தெரிந்த ஒருவர். வாப்பா மறுத்தார். காரணம் கேட்டேன்.

கலிப்பர் அலுமினியம், போல்ட் உருக்கு. அளவுக்கு மீறி இறுக்கினால் மென்மையான அலுமினிய மரைதான் உரியும். அங்கே கசிவைத் தடுப்பவை குழாய் முனையின் இருபுறமும் உள்ள வாஷர்கள். அவற்றை அழுத்திப் பிடிப்பதே மரையின் வேலை. டேப்பால் அந்தப் பலத்தைத் தர முடியாது. பிரேக் பிடிக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் மிக அதிகம். போல்ட் பிடுங்கினால் முன் பிரேக்கே இல்லை.

அனுபவமுள்ளவர் துளையைப் பெரிதாக்கி உருக்கு மரை பதிக்கலாம். அல்லது கலிப்பரை மாற்றலாம். வாப்பா மாற்றினார். புதிய வாஷர்கள் போட்டு, மூடியில் குறித்த வகை ஒயில் ஊற்றி, காற்றுக் குமிழிகள் தீரும்வரை வெளியேற்றினார். பிடியை இறுக அழுத்திக் கசிவில்லை என உறுதிசெய்தார். அதுவரை மூன்று நாள் நான் பஸ்ஸில் போனேன்.

கசிவு நிற்பது வேறு, பிரேக் பிடிப்பது வேறு. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் ஒயில் மட்டத்தையும் இன்று பாருங்கள்.