தலையில் குழாய் உள்ள பெண் தாயாகலாமா?

தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. டாக்டர்கள் இதை "ஹைட்ரோசெபலஸ்" என்பார்கள்.

எல்லோருடைய மூளையிலும் தினம் சுமார் அரை லிட்டர் நீர் ஊறுகிறது. அது வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும். வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை நெருக்கும். முன்பெல்லாம் இந்த நோயுடன் பிறந்த குழந்தைகள் பலர் பிழைப்பதில்லை.

தந்தை செய்த கருவி

1955-ம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்பவரின் மகனுக்கு இந்த நோய் கண்டது. ஹோல்ட்டர் டாக்டர் அல்ல, இயந்திரத் தொழிலாளி. மகனைக் காப்பாற்றத் துடித்தார். நீர் ஒரே திசையில் செல்லும்படி சின்னஞ்சிறு வால்வு ஒன்றைச் செய்தார். பிலடெல்பியா நகர டாக்டர் யூஜின் ஸ்பிட்ஸ் 1956-ம் ஆண்டு முதல் அதைக் குழந்தைகளுக்குப் பொருத்தினார்.

ஹோல்ட்டரின் மகன் சில ஆண்டுகளே வாழ்ந்தான். ஆனால் அந்த வால்வு எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. இப்படிப் பிழைத்த பெண் குழந்தைகள் வளர்ந்தார்கள்; மணம் முடித்தார்கள்; தாயும் ஆனார்கள்!

மசக்கையா, ஆபத்தா?

இப்போது பெரும்பாலும் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் செல்கிறது. இதற்கு "ஷண்ட்" என்று பெயர். கர்ப்பம் வளர வளர வயிற்றில் அழுத்தம் கூடும். நீர் வடிவது தடைப்படலாம்.

அப்போது தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், பார்வை மங்கல் ஏற்படும். "மசக்கைதான், சரியாகிவிடும்" என்று வீட்டார் இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து! ரத்தக் கொதிப்பாலும் இதே தொல்லைகள் வரலாம். எதனால் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியது

கருத்தரிக்கும் முன்பே மூளை டாக்டரையும் பிரசவ டாக்டரையும் பார்ப்பது நல்லது. அப்போது எடுத்த ஸ்கேன் படம் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வலிப்பு மருந்துகளில் சில சிசுவைப் பாதிக்கும். அதற்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரே மாற்றித் தருவார். போலிக் அமில மாத்திரை எவ்வளவு என்பதையும் அவரே சொல்வார்.

சுகப் பிரசவம் உண்டா?

உண்டு. குழாய் நன்றாக வேலை செய்தால் பெரும்பாலோர் சுகமாகவே பிரசவிக்கலாம். குழாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் வயிற்றைக் கீற வேண்டியதில்லை. வேறு காரணத்தால் ஆபரேஷன் அவசியமானால், வயிற்றில் குழாய் இருப்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே குழாய் பற்றிய ஆஸ்பத்திரிச் சீட்டு எப்போதும் கர்ப்பிணியின் கையில் இருக்கட்டும். குழந்தை பிறந்த பிறகும் தலைவலி, வாந்தி வந்தால் அலட்சியம் வேண்டாம்.