தேவதுந்துபி முழங்கட்டும்!

போடிநாயக்கனூர் என்றவுடன் அநேகருக்கு ஏலக்காயின் நறுமணமே நினைவுக்கு வரும். மலைத் தோட்டங்களில் விளையும் காய் இவ்வூருக்கு இறங்கி வந்து ஏலம் போகிறது. தோட்டக் கூலிக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் இங்கிருந்து போடிமெட்டு வழியாக மலையேறுகிறார்கள். ஆனால் இச்சீமைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. இது கம்பளத்தார் ஆண்ட பழம் பாளையம். கும்பினியாரை எதிர்த்து நின்று, 1799-ஆம் ஆண்டு கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மன் பிறந்த குலமும் அதுவே. அக்குலத்தாரின் பிதுரார்ஜிதமாக விளங்குவது தேவராட்டம்.

இவ்வாட்டத்துக்குப் பாட்டு இல்லை. தேவதுந்துபி என்னும் உறுமி முழங்க, காலில் சலங்கையும் இரு கைகளிலும் கைக்குட்டையுமாக ஆடவர் வரிசையாக நின்று ஆடுவர். முழவு அடியை மாற்றினால் வரிசை முழுவதும் ஒரே உடல்போல் அடவை மாற்றிக்கொள்ளும். சொல் இல்லாத இக்கலைக்கு ஏடு எது? ஆடுவோரின் சரீரமே ஏடு! கற்றவர் ஒருவர் கற்பிக்காமல் மறைந்தால், அந்த ஏட்டில் சில பக்கங்கள் என்றென்றைக்கும் கிழிந்துபோகும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்கள் ஆப்பிரிக்க மக்கள். அந்நியர் ஆட்சியில் இழிவென்று ஒதுக்கப்பட்ட தங்கள் நடனங்களையே அவர்கள் மறுமலர்ச்சியின் கொடியாக உயர்த்தினார்கள். கெய்த்தா ஃபொடேபா பாரிஸ் நகரில் தொடங்கிய ஆப்பிரிக்க நடனக் குழு, 1958-இல் கினியா விடுதலை பெற்றபின் அந்நாட்டின் தேசீயக் குழுவாயிற்று. 1966-இல் செனகலின் தலைவரும் கவிஞருமான செங்கோர், தக்கார் நகரில் கறுப்பினக் கலைகளின் உலக விழாவைக் கூட்டினார். அதே நாட்டில் ஜெர்மேன் அகோஞி அம்மையார், முதுகெலும்பின் அசைவை ஆதாரமாகக் கொண்ட புதிய நடன முறையை வகுத்து, கடலோரக் கிராமம் ஒன்றில் பள்ளி நிறுவினார். அடிமைத்தளை பூட்டப்பட்ட உடலே விடுதலையை முதலில் பேசவேண்டும் என்பது இம்முயற்சிகளின் உட்கருத்து.

நம் நாட்டிலும் மறுமலர்ச்சி நிகழாமலில்லை. 1930-களில் ஈ. கிருஷ்ணய்யர் முதலியோர் சதிருக்காக வாதாடினர். 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். பரதநாட்டியம் உலகப்புகழ் பெற்றது. ஆயினும் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகத் தம் உடலில் காத்துவந்த பெண்களில் பலர் அரங்கைவிட்டு விலக நேர்ந்ததே! கலை வாழ்ந்தது, காத்தவர் மறக்கப்பட்டனர்.

தேவராட்டத்துக்கும் அக்கதி நேரலாமா? இன்று அது கோயில் திடலையும் கலியாணப் பந்தலையும் தாண்டிக் கல்லூரி மேடைகளுக்கு வந்துவிட்டது. ஆடவர் மட்டுமே ஆடியதை இன்று பெண்களும் பயின்று ஆடுகிறார்கள். இவ்விரண்டையும் நாம் மனமார வரவேற்கிறோம். கலை ஒரு குலத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஆனால் மேடையில் பத்து நிமிஷம் ஆடிக் கைதட்டல் பெறுவது வேறு. துந்துபியின் அடிக்கு அடி விடை சொல்லும் முழு ஆட்டம் வேறு. முழு ஆட்டம் அறிந்த கிராமத்துப் பெரியவரைப் பள்ளிக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய ஆசனமும் ஊதியமும் அளித்துக் கற்பிக்கச் செய்ய வேண்டும். துந்துபி வாசிப்போருக்கும் அதே மரியாதை உரியது.

விழாவுக்கு ஒரு நாள் அழைத்து மாலை போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் அவரைக் கூலிக்கு மலையேற விடுவது மறுமலர்ச்சி ஆகாது. ஏலக்காய்க்கு விலை வைக்கத் தெரிந்த நாம், இந்தக் கலைச்செல்வத்தின் மதிப்பையும் காலத்தில் உணர்வோமாக!