பாலும் பஞ்சும் மங்கல் கண்ணாடியும்

ராஜபாளையம் என்றதும் நூற்பாலைகள் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நாவில் பால்கோவா இனிக்கும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இந்த இரண்டு ஊர்களின் பஞ்சும் பாலும் ஒரு பண்பில் ஒத்திருக்கின்றன. இரண்டும் வெள்ளை. ஆனால் இரண்டிலும் வெள்ளைச் சாயம் ஒரு துளியும் இல்லை!

பஞ்சு இழையைத் தனியே எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். அது கண்ணாடி நூல்போல ஒளியை ஊடுருவ விடுவது தெரியும். பாலில் இருப்பவையோ தண்ணீர், நுண்ணிய கொழுப்புத் திவலைகள், அவற்றினும் சிறிய கேசீன் புரதத் துகள்கள். பின் வெண்மை எங்கிருந்து வந்தது? இழையிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து அடுத்த இழைக்கும் ஒளி தாவும் ஒவ்வொரு முறையும் அது சிறிது வளைகிறது; ஒரு பகுதி திரும்பியும் விடுகிறது. இப்படிப் பல முறை நடந்தால் எல்லா நிறங்களும் எல்லாத் திசைகளிலும் கலந்து வெளிவருகின்றன. அதுவே வெண்மை. இதற்கு ஒளிச்சிதறல் என்று பெயர்.

இன்று மருத்துவமனை, வங்கி, ஜவுளிக்கடை, பள்ளி ஆய்வகம் ஆகியவற்றின் பெரிய ஜன்னல்களில் கோடும் புள்ளியும் பூவும் அச்சிட்ட வெண்மையான ஃபிலிம் ஒட்டுகிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடைக்காரர்கள் ‘ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர்’ என்பார்கள். நாம் மங்கல் ஃபிலிம் என்போம். முன்பெல்லாம் கண்ணாடியையே அமிலத்தால் அரித்தோ, மணலை வேகமாகப் பீய்ச்சியோ மங்கச் செய்வார்கள். மணல் பீய்ச்சும் முறைக்கு அமெரிக்கரான பெஞ்சமின் டில்க்மன் 1870இல் காப்புரிமை பெற்றார். அப்படி மங்கிய கண்ணாடியைப் பழையபடி மாற்ற முடியாது. ஃபிலிமையோ வேண்டாதபோது உரித்துவிடலாம்.

ஃபிலிம் ஒளியைத் தடுப்பதில்லை, கலைத்துவிடுகிறது. ஃபிலிம் வாங்குபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். படம் வரையும் டிரேசிங் தாள் ஒன்றைச் செய்தித்தாளின்மேல் படிய வையுங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியும். தாளை மெல்ல மேலே தூக்குங்கள். ஓரிரு விரற்கடைத் தூரத்திலேயே எழுத்துகள் கரைந்துபோகும். தாள் மாறவில்லை, தூரம்தான் மாறியது. எழுத்திலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் தாளை அடைவதற்குள் விரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தாள் அந்தக் கலவையை மேலும் குழப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது.

ஜன்னலிலும் இதே கதைதான். கண்ணாடியிலிருந்து நாலடி தள்ளி நிற்பவர் வெறும் நிறத் திட்டாகத் தெரிவார். கண்ணாடியை ஒட்டி நிற்பவரின் வடிவமோ வெளியே தெரிந்துவிடும். அதிலும் இரவில் உள்ளே விளக்கெரிந்து, அவர் விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றால் நிழற்கூத்தில் பொம்மை தெரிவதுபோல உருவம் விழும். புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையிலும் பெண்கள் உடை மாற்றும் அறையிலும் இது சிறிய குறையல்ல. அங்கே நோயாளியின் படுக்கையைக் கண்ணாடியை விட்டுத் தள்ளிப் போட வேண்டும், விளக்கைக் கண்ணாடிப் பக்கமாகப் பொருத்த வேண்டும், அல்லது திரையும் போட வேண்டும். இன்னொரு வகை, பளபளக்கும் கண்ணாடிமுக ஃபிலிம். பகலில் வெளியே வெளிச்சம் மிகுதி. ஆகவே வெளியே நிற்பவர் தம் முகத்தையே காண்பார். இரவில் விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழ்! உள்ளே இருப்பவர் தம்மை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். மறைவு தேவைப்படும் அறைக்கு இதைப் பரிந்துரைக்கவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்த சோதனைக்கு ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி உதவும். துணியை இரண்டு மடிப்பாகக் கையில் வைத்து நீர் ஊற்றுங்கள். துணி ‘தெளிந்து’ தோலின் நிறம் தெரியத் தொடங்கும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பஞ்சிழைக்குச் சுமார் 1.5. இழைகளுக்கிடையே இருந்த காற்றை விரட்டிவிட்டு 1.33 உள்ள நீர் புகுந்ததும் வேறுபாடு குறைகிறது, சிதறலும் குறைகிறது. சொரசொரப்பான கண்ணாடிமேல் ஒளிபுகும் செல்லோடேப் ஒட்டினாலும் அந்த இடம் மட்டும் தெளிந்துவிடும். பசை பள்ளங்களை நிரப்பிவிடுவதே காரணம்.

இதனால் கடையில் செய்ய வேண்டிய ஒரு சோதனை கிடைக்கிறது. ஃபிலிம் துண்டின்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். தெளிந்தால் அது மேற்பரப்புச் சொரசொரப்பால் மங்கியது. தெளியாவிட்டால் வெண்துகள்கள் உள்ளேயே இருக்கின்றன. குளியலறைக்கு எது ஏற்றது என்று சொல்லவும் வேண்டுமா?

வெப்பத்தைப் பற்றித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளையாக இருப்பதால் குளிர்ச்சி தரும் என்று நினைக்கிறார்கள். சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. சாதாரண மங்கல் ஃபிலிம் ஒளியை அறை முழுதும் பரப்பி, கரும்பலகையில் கூசும் பளபளப்பை நீக்கும். ஆனால் ஆற்றலின் பெரும்பகுதி உள்ளே வந்தே தீரும். இவ்விரண்டு ஊர்களும் சுமார் 9.5 டிகிரி வட அட்சத்தில் உள்ளன. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். மேற்கு ஜன்னலில் மாலை நான்கு மணிக்குச் சாய்ந்து விழும் வெயிலை அது தடுக்காது. வானம் தெளிந்திருந்தால் அந்நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கும் மேல் விழக்கூடும். ஜன்னல் 3 சதுர மீட்டர் என்றால் 1,500 வாட். ஒன்றரை இஸ்திரிப் பெட்டி ஓயாமல் எரிவதற்குச் சமம்! மேற்குத் தொடர்ச்சி மலை சூரியனைச் சற்று முன்னதாகவே மறைத்துவிடுவது இவ்வூர்களுக்குச் சிறிய ஆறுதல். வெப்பம் குறைய வேண்டுமானால் கண்ணாடிக்கு வெளியே நிழல் வேண்டும்: தாழ்வாரம், தட்டி, மரம்.

வெப்பத்தை உறிஞ்சும் அடர்நிற ஃபிலிமுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கண்ணாடியின் நடுப்பகுதி காய்ந்து விரியும். சட்டத்துக்குள் இருக்கும் ஓரமோ குளிர்ந்தே இருக்கும். வேறுபாடு மிகும்போது, சுமார் 40 டிகிரி அளவிலேயே, பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடக்கூடும். கம்பிவலை பதித்த கண்ணாடிக்கு இந்த அபாயம் கூடுதல்.

இனி ஒட்டும் முறை. ஃபிலிம் சுருள்கள் பெரும்பாலும் 1.22 அல்லது 1.52 மீட்டர் அகலத்தில் வருகின்றன. அதைவிட அகலமான ஜன்னலுக்கு இரண்டு பட்டைகள் வேண்டும். அச்சுப் பூ இணைப்பில் பொருந்த வேண்டுமே! சேலைக் கரை பொருத்துவதுபோல, மேலும் கீழும் நகர்த்தி வெட்டுவதில் ஓரளவு துண்டு வீணாகும். அதையும் கணக்கிட்டே வாங்க வேண்டும்.

கண்ணாடியை நன்றாகக் கழுவி, ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். பஞ்சாலை ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், பருத்தித் துணி இங்கே உதவாது. உதிரும் ஒரு சிறு இழைகூட ஃபிலிமுக்கடியில் கூடாரம் அடித்து நிற்கும். பிறகு ஒரு லிட்டர் நீரில் சில சொட்டு ஷாம்பு கலந்து, கண்ணாடிமீதும் ஃபிலிமின் பசைப்பக்கத்திலும் தாராளமாகத் தெளியுங்கள். ஒட்டும் பொருளுக்கு ஏன் ஈரம்? ஷாம்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், அது முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை பசை கண்ணாடியைப் பற்றாது. ஃபிலிமை நகர்த்தி நேராக்கலாம். நேரானதும் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி வைப்பரால் அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். உப்பு நீர் ஆகாது; காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் தங்கிவிடும். சட்டத்தை ஒட்டி 1 அல்லது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஓரம் சட்டத்தில் முட்டினால் நாளடைவில் உரியத் தொடங்கும். ஏற்கெனவே மங்கிய கண்ணாடியாக இருந்தால் வழவழப்பான பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். ஏன் என்பது செல்லோடேப் சோதனை செய்தவர்களுக்குத் தெரியும்.

ஒட்டிய மறுநாள் அங்கங்கே நீர்க்குமிழிகள் தென்பட்டால் ஊசியால் குத்த வேண்டாம். மீந்த ஈரம் தானாக ஆவியாகச் சில நாட்களோ, சில வாரங்களோ ஆகும். அதுவரை ஜன்னலைத் துடைக்காதீர்கள். காய்ந்த பிறகு ஓர் இரவு விளக்கைப் போட்டு, நண்பனைக் கண்ணாடியருகே நிறுத்தி, தெருவுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள்.