பிரம்மதண்டின் மஞ்சள் பால்

தரிசிலும் ரயில் பாதை ஓரத்திலும் நிற்கும் பிரம்மதண்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் முள்ளைத்தான் சொல்வார்கள். சாம்பல் பூத்த பச்சை இலை, நரம்பை ஒட்டி வெள்ளைத் தீற்றல், விளிம்பெங்கும் ஊசிமுள். ஐரோப்பாவின் முட்செடியான திஸிலில் பால் திஸில் என்றொரு வகை உண்டு. அதன் இலையும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் பிரம்மதண்டையும் திஸில் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இலையை மட்டும் நம்பினால் யாரானாலும் ஏமாறுவார்கள்.

பூவைப் பார்க்க வேண்டும். திஸில் சூரியகாந்திக் குடும்பம். அதில் ஒரு பூ என்று நாம் நினைப்பது, முட்செதில் கிண்ணத்துக்குள் நெருங்கி நிற்கும் எண்ணற்ற சிறு பூக்கள். பிரம்மதண்டில் ஒரு பூ ஒரே பூதான். கசங்கிய பட்டுப்போல மஞ்சள் இதழ்கள், பெரும்பாலும் ஆறு. நடுவே மகரந்தத்தாள்களின் கூட்டம், அதற்குள் கருஞ்சிவப்புச் சூலகமுடி. மொட்டை மூடிய மூன்று புல்லி இதழ்களின் நுனியிலும் ஆளுக்கொரு கொம்பு! இது கசகசாவின் உறவு. சொந்த ஊர் மெக்சிகோ.

பூ இல்லாத காலத்தில் எனக்குப் பிடித்த சோதனை, காம்பைக் கிள்ளுவது. மஞ்சள் பால் கசியும். திஸிலில் அது கிடையாது. கிள்ளிய கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

திஸில் விதை பஞ்சுக் குடுமியோடு காற்றில் பறக்கும். பிரம்மதண்டின் முட்காயோ முற்றியதும் நுனியில் வெடித்து, கறுப்பு விதைகளைக் காலடியில் கொட்டும். அந்த விதை அசல் கடுகுபோல இருப்பதுதான் வினை. கடுகோடு கலந்து ஆட்டப்பட்டால் சாங்குயினரின் என்ற நஞ்சு எண்ணெயில் இறங்கும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து கால் வீங்கும். முற்றினால் இதயம் தளரும். 1877இல் கல்கத்தாவில் பதிவான இந்த நோய், 1998இல் டெல்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காரணம் தெரிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் இப்படி நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இந்த இரு விதைகளையும் பிரித்துவிடலாம். பிரம்மதண்டு விதையின் தோல் வலைபோலக் குழிந்திருக்கும். ஒரு பக்கம் மெல்லிய வரப்பு ஓடும். கடுகு அதைவிட வழவழப்பு. அந்த வரப்பும் அதில் இல்லை.