தானே கணக்குத் தீர்க்கும் கடை

பலசரக்குக் கடையிலே சாமான் வாங்குதல் என்பதனை ஆராயுமிடத்து, அது தனிச்செயலன்று, பல செயல்களின் தொகுதியென்பது புலனாகும். வேண்டிய பொருளைத் தேர்தல், அதனை இருந்த இடத்திலிருந்து எடுத்தல், நிறுத்தல், விலை கூறல், விலைகளைக் கூட்டல், பணம் பெறுதல், மிச்சக் காசு கொடுத்தல், பொதிந்து கையிற் சேர்த்தல் என அது விரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இவற்றுள் முதலாவது ஒன்றே வாங்குவோனுக்குரியதாயிருந்தது. ஏனைய யாவும் விற்போன் கடமைகள். இக்காலத்திலே ஐக்கிய அமெரிக்க நாடு, பிரித்தானியா முதலியவற்றின் பெரிய பலசரக்குக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் இவை பெரும்பாலும் வாங்குவோன் கைக்கே மாறிவிட்டன. அம்மாற்றத்தின் கடைசிப் படியே, ஆங்கிலத்தில் 'செல்ப் செக்கவுட்' எனப்படும் பொறி. காசாளர் இருக்க வேண்டிய இடத்திலே ஒரு கண்ணாடித் திரையும், ஒரு செவ்வொளிக் கண்ணும், ஒரு தராசும் இருக்கின்றன. வாங்கியவர் தாமே பொருள்களைக் காட்டித் தாமே பணத்தைச் செலுத்தித் தாமே பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறுகின்றார்.

இதன் வரலாறு ரென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அதற்கு முன் அமெரிக்கக் கடைகளில், வாங்குவோர் மேசைக்கு இப்பால் நின்று சாமான் பட்டியலை நீட்ட, அப்பால் நின்ற சிப்பந்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே கிளாரென்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னும் விசித்திரப் பெயருடன் ஒரு கடையைத் திறந்தார். நுழைவாயிலிலே சுழற்கதவு, அருகிலே கூடைகள், அதன்பின் வளைந்து செல்லும் ஒரே வழி, வழியின் இருமருங்கும் விலை எழுதப்பட்ட பொருள்கள், முடிவிலே காசாளர். வாங்குவோர் எல்லாப் பொருள்களையும் பாராமல் வெளியேற இயலாதவாறு அவ்வழி அமைக்கப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. 1917இல் இவ்வமைப்புக்கு அவர் ஆக்கவுரிமையும் பெற்றார். சிப்பந்திகளின் சம்பளம் குறைந்தது, பொருள்களின் விலையும் குறைந்தது, கடைகள் பெருகின. கூடை பாரமாகியபோது, ஒக்லகோமா நகரின் சில்வன் கோல்ட்மன் என்னும் வணிகர் 1937இலே சில்லுவண்டியைப் புகுத்தினார். தள்ளிச் செல்ல முதலில் மக்கள் கூசினர். வாங்குவோர் போல நடித்து வண்டி தள்ளுதற்கென்றே அவர் கூலிக்கு ஆள்களை அமர்த்தினார் என்பர்.

சோண்டர்ஸ் 1923இலே நியூயோர்க் பங்குச் சந்தைப் போராட்டமொன்றில் அகப்பட்டுத் தம் செல்வத்தையும் நிறுவனத்தையும் இழந்தார். எனினும் மனந்தளர்ந்தாரல்லர். 1937இலே 'கீடூசில்' என்னும் மற்றொரு கடையை அமைத்தார். அங்கே ஒவ்வொரு பொருளிலும் ஒன்று மாத்திரம் கண்ணாடிக்குப் பின்னே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும். வாங்குவோர் தம் கையிலுள்ள சாவியை அதற்குரிய துவாரத்தில் இட்டால், அக்கொள்வனவு பதிவாகும். இறுதியிலே பொருள்கள் யாவும் பின்னறையிலிருந்து ஓடும் பட்டியின்மேல் வந்து சேரும். எண்ணம் அரியது. ஆனால் கூட்டம் மிக்க வேளைகளிலே மின்சுற்றுகள் தாங்கவில்லை. ஒருவர் பொருள் மற்றொருவரிடம் போய்ச் சேர்ந்தது. பலமுறை திருத்தியும் பயனின்றி 1949இலே அம்முயற்சி கைவிடப்பட்டது. வாங்குவோர் தாமே கூட்டிக் கணக்கிடும் மூன்றாவது கடையொன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த வேளையில், 1953இலே சோண்டர்ஸ் காலமானார். அவர் கண்ட கனவுக்குப் பொறியறிவு அன்று போதவில்லை. குறைவாயிருந்தது யாதெனின், பொருள் தன் பெயரைத் தானே பொறிக்குச் சொல்லும் வழி.

அவ்வழியை ஏற்கெனவே இருவர் கண்டிருந்தனர். நோர்மன் ஜோசப் உட்லன்ட், பேர்னாட் சில்வர் என்னும் அவ்விருவரும் 1949இலே விண்ணப்பித்து 1952இலே ஆக்கவுரிமை பெற்றனர். மயாமிக் கடற்கரை மணலிலே உட்லன்ட் தந்திக் குறிகளாகிய புள்ளியையும் கோட்டையும் நினைத்து விரல்களை இழுத்தபோது, அவை மெல்லியனவும் தடித்தனவுமான நெடுங்கோடுகளாயின என்பது வரலாறு. அக்கோடுகளை விரைவிலே படித்தற்குரிய லேசர் ஒளியும் சிறு கணினியும் பின்னரே வாய்த்தன. ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் லோரர் வகுத்த முறையே 1973இலே பொதுக்குறியாக ஏற்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு யூன் 26ஆம் நாள், ஒகையோ மாநிலத்து ட்ரோய் என்னும் சிற்றூரிலே, 67 சதம் விலையுள்ள சூயிங்கம் பொதியொன்று முதன்முதலாக அக்கண்ணின் முன் காட்டப்பட்டது.

கோடுகளிலே விலை எழுதப்பட்டிருக்கின்றது எனப் பலர் எண்ணுகின்றனர், அது பிழை. அங்கே இருப்பது ஓர் எண் மாத்திரமே. அவ்வெண்ணைக் கொண்டு கடையின் கணினி தன் ஏட்டிலுள்ள பெயரையும் விலையையும் தேடி எடுக்கின்றது. ஆதலாற்றான் ஒரே பொதி ஒரு கடையில் ஒரு விலைக்கும் மற்றொன்றில் வேறு விலைக்கும் விற்கப்படுதல் கூடும். ஒவ்வோர் இலக்கமும் சம அகலமுள்ள ஏழு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு கருங்கோடுகளும் இரண்டு வெளிகளுமாக அவற்றுள் அமைகின்றது. இலங்கை நிறுவனங்கள் பதிவு செய்த பொருள்களின் எண் 479 எனத் தொடங்கும். அம்மூன்று இலக்கங்கள் பதிவு செய்த நாட்டைக் காட்டுவனவேயன்றிப் பொருள் விளைந்த நாட்டைக் காட்டுவனவல்ல.

பதின்மூன்று இலக்கங்களுள் இறுதியானது காவலிலக்கம். கணிதம் பயிலும் மாணவர் இதனை வீட்டிலுள்ள எந்தப் பொதியிலும் சோதித்துப் பார்க்கலாம். விளக்கத்தின் பொருட்டு 479123456789 என்னும் பன்னிரண்டு இலக்கங்களைக் கொள்வோம். ஒற்றையிடத்து இலக்கங்களாகிய 4, 9, 2, 4, 6, 8 என்பவற்றின் கூட்டுத்தொகை 33. இரட்டையிடத்தனவாகிய 7, 1, 3, 5, 7, 9 என்பவற்றின் கூட்டுத்தொகை 32. அதன் மும்மடங்கு 96. இரண்டும் சேர்ந்து 129. அடுத்த பத்தின் மடங்காகிய 130ஐ எய்த வேண்டுவது 1; அதுவே பதின்மூன்றாம் இலக்கம். மும்மடங்காக்குவது ஏன் எனின், அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் அதனையும் கண்டுபிடித்தற்காகவே. ஆயினும் வேறுபாடு சரியாக ஐந்தாக உள்ள இலக்கங்கள், எடுத்துக்காட்டாக 1உம் 6உம், தம்முள் மாறினால் இக்காவல் ஏமாந்துவிடும். ஏன் என்பதை மாணவர் தாமே கண்டறிதல் நன்று.

எண்ணைப் படித்தற்குப் பொறி வந்தபின், அப்பொறியை யார் கையில் விடுவது என்பது மாத்திரமே எஞ்சிய கேள்வி. புளோரிடாவைச் சேர்ந்த டேவிட் ஹம்பிள் என்பவரின் 'செக்ரோபொற்' என்னும் அமைப்பு, 1986இலே அத்லாந்தா நகருக்கு அண்மையிலுள்ள குரோகர் கடையொன்றிலே பரீட்சிக்கப்பட்டது. அதிலே பொருளைக் காட்டுவோர் வாங்குவோரே எனினும், பணத்தைப் பெறுபவர் காசாளராகவே இருந்தார். பணத்தையும் பொறியே பெறும் வகைகள் 1990களிலே பரவின.

மனிதக் காசாளர் கண்ணால் அறிவதனைப் பொறி எவ்வாறு அறியும்? நிறையால் அறியும். ஒவ்வொரு பொருளின் நிறையும் கணினியிலே பதியப்பட்டுள்ளது. காட்டிய பொருளைப் பையிலிட்டவுடன் பைக்கடியிலுள்ள தராசு அதிகரித்த நிறையை ஒப்பிடும். ஒவ்வாவிடிற் பொறி நின்றுவிடும். வாங்குவோர் தம் சொந்தப் பையை வைத்தாலும், குழந்தை அதன்மேற் கைவைத்தாலும், பையிலே எதிர்பாராத பொருள் உண்டென்று ஒரு பெண்குரல் எல்லோரும் கேட்க அறிவிக்கும். பிரித்தானியாவிலே அவ்வறிவிப்பு நகைச்சுவையாளர் யாவர்க்கும் விருந்தாயிற்று. கேட்பவர்க்கு நகை, பொறியின்முன் நிற்கும் முதியவர்க்கோ அது பலர் நடுவே இடப்பட்ட பழி.

இனி, காய்கனிகளுக்குக் கோட்டுக்குறி இல்லை. அவற்றை நிறுத்துப் பெயரையோ நாலிலக்க எண்ணையோ வாங்குவோரே தெரிவித்தல் வேண்டும். வாழைப்பழத்தின் எண் 4011. விலையுயர்ந்த இறைச்சியைத் தராசில் வைத்து 4011 எனத் தட்டுவோருக்கு, அது வாழைப்பழ விலைக்குக் கிடைத்துவிடும். இங்கிலாந்தின் இலெஸ்டர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர், வாங்குவோர் தாமே குறிகாட்டிய ஏறக்குறையப் பத்து இலட்சம் கொள்வனவுகளை ஆராய்ந்தபோது, பெறுமதியிலே நூற்றுக்கு நான்களவு கணக்கில் வாராமற் சென்றமை தெரியவந்தது. வேறிடத்திலே திருடத் துணியாதவரும் இங்கே துணிகின்றனர் என்பது இலண்டன் குற்றவியலறிஞர் எமலின் ரெயிலர் கண்ட முடிபு. பொறியை ஏமாற்றுதல் மனிதரை ஏமாற்றுதலாகத் தோன்றுவதில்லை போலும்.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. களவென்பது கருத்தைப் பொறுத்த குற்றம். பயிற்சியின்றிச் சம்பளமுமின்றிக் காசாளர் வேலையைச் செய்யும் ஒருவர் இரண்டு பொதிகளுள் ஒன்றைக் காட்ட மறந்தால், அது பிழையோ களவோ என யார் தீர்ப்பது? காசாளர் பிழைவிட்ட காலத்திலே நட்டம் கடைக்கு, அவமானம் எவர்க்குமில்லை. அதே பிழையை வாங்குவோர் விட்டால், வாயிலிலே காவலாளி பற்றுச்சீட்டைக் கேட்கின்றான். வேலையோடு வேலையின் பழியும் கைமாறியது என்பதே இப்பொறியைப்பற்றிக் கூறத்தக்க கடுமையான குற்றச்சாட்டு. பொறிகளிடையே நிற்கும் ஒற்றைச் சிப்பந்தியின் நிலையும் அதுவே. ஆறு பொறிகளுக்கு ஒருவராக நின்று, உதவி கேட்போர்க்கு உதவி, ஐயத்துக்குரியவரைத் தடுத்து, இரண்டு தொழிலையும் அவர் ஒருங்கே செய்தல் வேண்டும்.

மருந்துக் கடைகளிலே பொறிக்கு எல்லை இன்னும் தெளிவாயுள்ளது. மருத்துவர் எழுதிய மருந்தை மருந்தாளரே கொடுத்தல் வேண்டும். தடிமனுக்குரிய சூடோஎபட்ரின் சேர்ந்த மாத்திரைகள், அவற்றிலிருந்து போதைப்பொருள் காய்ச்சப்படுதலால், அமெரிக்காவிலே 2006 முதல் மேசைக்குப் பின்னேயே வைக்கப்பட்டு, அடையாளம் காட்டிக் கையொப்பமிட்டவர்க்கே விற்கப்படுகின்றன. கலிபோர்ணியா மாநிலம் 2011இலே இயற்றிய சட்டத்தால் மதுபானத்தை இப்பொறிகள் மூலம் விற்பதைத் தடைசெய்தது. வயதை மதித்தறிதல் மனிதக் கண்ணுக்கே உரியதெனச் சட்டம் கருதிற்று.

2023இலே வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம், தன் 28 கடைகளுள் இரண்டு நீங்கலாக ஏனையவற்றிலிருந்து இப்பொறிகளை அகற்றத் தீர்மானித்தது. 2024இலே அமெரிக்காவின் டொலர் ஜெனரல் ஏறக்குறைய 12,000 கிளைகளிலிருந்து அவற்றை நீக்கியது. ராகெற் நிறுவனம் பெரும்பாலான கிளைகளிலே பத்துப் பொருள்களுக்கு மேற்படாதவர்க்கே அவற்றை ஒதுக்கியது. ஒல்லாந்தின் யும்போ நிறுவனமோ வேறு வழியிற் சென்றது. அவசரமில்லாதவர் காசாளரோடு உரையாடிக்கொண்டே கணக்குத் தீர்க்கும் தனி மேசையை 2019இலே அது திறந்தது. தனிமையில் வாழும் முதியோரைக் கருதி ஏற்பட்ட அம்மேசைகளை 2021இலே இருநூறு கடைகளுக்கு விரிவாக்கவும் தீர்மானித்தது. அவ்விருநூறு மேசைகளும், அங்கே வரிசையில் நிற்போர் விரைவை மாத்திரம் நாடுவதில்லை என்பதற்குச் சான்று.

எனினும் பொறி ஒழிந்துபோகும் என எண்ணுதற்கில்லை. இரண்டு பொருள்களோடு நிற்கும் ஒருவர்க்கு அது உண்மையாகவே உபகாரம். பேசக் கூசுபவர்க்கும் அவ்வாறே. விவாதம் இப்பொழுது பொறி வேண்டுமோ வேண்டாவோ என்பதனைவிட்டு, எத்தனை பொறிக்கு எத்தனை மனிதர் என்பதற்கு வந்துள்ளது. கலிபோர்ணியாச் சட்டமன்றத்திலே 2024இற் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. அம்மாநிலத்து லோங் பீச் நகரசபை 2025இலே தனக்கென ஒரு விதியை இயற்றியது. பலசரக்குக் கடையாயினும் மருந்துக் கடையாயினும் மூன்று பொறிக்கு ஒரு சிப்பந்தி இருத்தல் வேண்டும். பதினைந்து பொருள்களுக்கு மேல் அப்பொறியிலே காட்டலாகாது. தொழிற்சங்கத்தார் இதனை வரவேற்றனர்; செலவு கூடுமெனவும் விலை ஏறுமெனவும் கடை முதலாளிகள் எதிர்த்தனர். விதி நடைமுறைக்கு வந்ததும் அந்நகரிலே சில கடைகள் பொறிகளை நிறுத்திவிட, வாங்குவோர் பழையபடி காசாளர் முன் வரிசையில் நின்றனர்.