பொலிஷ் போட்ட வாகனமும் மறைந்து நிற்கும் கீறலும்

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை, ஏறத்தாழ ஐந்து வருடங்கள், நாட்டில் ஏற்கனவே ஓடிய வாகனங்களே கைமாறிக் கைமாறி விற்கப்பட்டன. வழி திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் நடுத்தர வியாபாரிக்கு எட்டாத இடத்திலேயே இருக்கிறது. ஆகவே பத்துப் பதினைந்து வருடம் ஓடிய அல்டோ, விட்ஸ், கொரோலா ஆகியவற்றைத்தான் நம்மவர்கள் பலர் இன்றும் வாங்குகிறார்கள், விற்கிறார்கள்.

இத்தகைய வாகனம் ஒன்றின் இயந்திரம் நல்ல நிலையில் இருக்கலாம். ஆனால் வெயிலில் நிறுத்தி பொனட்டைப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியதைப் போல வட்டம் வட்டமாகக் கீறல்கள் தெரியும். கறுப்பு, கடும் நீல நிறங்களில் இது இன்னும் மோசம். வாங்க வருபவர் இயந்திரத்தைக் கேட்பதற்கு முன்னரே மனதுக்குள் விலையைக் குறைத்து விடுகிறார். அதனால்தான் விற்பதற்கு முதல் வாரம் எல்லோரும் 'கட் அன்ட் பொலிஷ்' செய்யும் இடத்தைத் தேடி ஓடுகிறார்கள். அங்கே ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று கீறலை அகற்றுவது, மற்றது கீறலை மறைப்பது.

இதை விளங்கிக்கொள்ள பெயின்ட் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட். கம்பனி பெயின்ட் எல்லாப் படைகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரோன் அளவில் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பை விட இது குறைவு. வெயிலைத் தாங்குவதும் பளபளப்பைத் தருவதும் இந்த மெல்லிய படைதான்.

வட்டமாகத் தெரியும் கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடும் ஆயிரக்கணக்கான நுண்ணிய நேர்க்கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வட்டம் போட்டது போலக் கண்ணுக்குப் படுகிறது. இதற்குக் காரணம் வீதியை விட நம் கைதான். காலையில் தூசு படிந்த வாகனத்தை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பது, நிலத்தில் விழுந்த ஸ்பொஞ்சை அப்படியே எடுத்துத் தேய்ப்பது, சேவிஸ் ஸ்டேஷனில் லொறிச் சில்லைக் கழுவிய அதே துணியால் காரின் பொனட்டைக் கழுவுவது. பணம் கொடுத்து நாமே கீறல் வாங்குகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கீறலை அகற்றுவது என்றால், கீறலின் இரு பக்கமும் உள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டத்துக்குக் குறைத்துச் சமப்படுத்துவதாகும். கொம்பவுண்ட் செய்யும் வேலை அதுவே. மறைப்பது என்றால் எண்ணெயும் மெழுகும் கலந்த பொலிஷைப் பூசி, பள்ளங்களை நிரப்பி விடுவதாகும். ஒரு மணித்தியாலத்தில் வாகனம் கண்ணாடி போல் மின்னும். சில தடவை ஷம்பூ போட்டுக் கழுவி, நல்ல வெயிலும் பட்டால் சிலந்தி வலை திரும்பவும் வந்துவிடும். அதற்குள் வாகனம் அடுத்தவர் பெயருக்கு மாறியிருக்கும்.

இங்கேதான் நமது வியாபாரிகள் நிதானிக்க வேண்டும். சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்குப் புதிதல்ல. அந்த ஈரம் மழையால் வந்தது. வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் மறைத்ததே குற்றமானது. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று மார்க்கச் சட்டமும் சொல்கிறது. வாகனத்தைக் கழுவி, பொலிஷ் செய்து, அழகாக வைத்து விற்பதில் எந்தத் தவறும் இல்லை. நிரப்பி மறைத்துவிட்டு, "ஒரு கீறலும் இல்லை, கம்பனி பெயின்ட்" என்று சொல்வதே பிரச்சினை.

வாங்கப் போகிறவருக்கு ஒரு வழி சொல்கிறேன். நிழலான இடத்தில் ஐசோபுரோபைல் அல்கஹோலையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, சுத்தமான துணியால் பொனட்டில் ஓர் உள்ளங்கை அளவு மென்மையாகத் துடையுங்கள். பிறகு கைப்பேசி விளக்கை அருகில் பிடித்துப் பாருங்கள். நிரப்பிய எண்ணெய் போய் உண்மை நிலை தெரியும். விற்பவர் இதற்கு மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். பெயின்ட் தடிப்பை அளக்கும் சிறிய கருவியும் இப்போது கிடைக்கிறது. ஒரு கதவு 120 காட்டி, பக்கத்துக் கதவு 300 காட்டினால் அது மீண்டும் பெயின்ட் அடித்த கதவு. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது என்பதை நினைவில் வைக்கவும்.

இனி முறையான வேலைக்கு வருவோம். முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். அதன் பின் கையால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், க்ளே எனப்படும் களிக்கட்டியை வழுக்கும் திரவத்துடன் தேய்த்து, ஒட்டியிருக்கும் இரும்புத் துகள், சீமெந்துத் தூசு, மரப்பிசின் ஆகியவற்றை எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம், புத்தளம் பக்கம் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் வெள்ளைப் புள்ளிகள் படியும். தண்ணீர் கலந்த வினாகிரி அவற்றைக் கரைக்கும். இந்த ஆயத்தம் இல்லாமல் மெஷினைப் போட்டால் அந்த அழுக்கே புதுக் கீறல் போடும்.

அடுத்து இரண்டடிச் சதுரத்தில் மட்டும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். மிருதுவான பேடும் மென்மையான பொலிஷும் போதுமென்றால் அத்துடன் நிறுத்துவதே கெட்டித்தனம். போதாவிட்டால்தான் கொம்பவுண்டுக்குப் போக வேண்டும். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் சூடேறி, கதவின் விளிம்புகளிலும் பொனட்டின் மடிப்புகளிலும் பெயின்ட்டை எரித்துவிடும். சுழன்றுகொண்டே அசையும் டுவல் ஏக்ஷன் மெஷின் நேரமெடுத்தாலும் புதியவர் கைக்கு அது பாதுகாப்பானது. விளிம்புகளுக்கு முதலில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டினால் கவனம். கிளியர் கோட் இல்லாத பழைய வெள்ளை வேன், லொறிகளில் அது சாதாரணம். கிளியர் கோட் உள்ள காரில் அப்படி வந்தால், அந்தப் படை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்து, நகம் தடக்கினால் அந்தக் கீறல் பொலிஷுக்குப் போகாது. அதை முழுதாக எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே மிஞ்சாது. விளிம்பை மழுக்கிக் கண்ணுக்குக் குறைத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவதே நல்லது. கூரையில் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தால் எந்தப் பொலிஷும் உதவாது, மீண்டும் பெயின்ட்தான். ஒவ்வொரு பெருநாளுக்கும் 'கட்' போடுபவர்களும் இதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன் போகிறது, அது திரும்பி வராது.

வேலை முடிந்த வாகனத்தை இரண்டு வாளி வைத்துக் கழுவுங்கள். ஒன்றில் ஷம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். சில்லுகளுக்குத் தனித் துணி. சேவிஸ் ஸ்டேஷனுக்குக் கொடுப்பதானால் உங்கள் துணியையே கொடுத்து, கழுவி முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.